நாலு பக்க மௌனம்

என் புருஷனுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் பஞ்சநதம். புத்தக அட்டையில் 'பூமிசித்தர் பஞ்சநதானந்த அடிகள்' என்று இருக்கும். இந்த ஆனந்தமும் அடிகளும் எங்கிருந்து வந்தன என்று கலியாணமான புதிதில் கேட்டேன். அட்டையில் இடம் இருந்தது என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார், நானும் சிரித்தேன். அப்போது சிரிக்க முடிந்தது.

அவர் எழுதியதெல்லாம் மந்திரம், தகடு, வசியம் என்று போகிற புத்தகங்கள். நாகூரில் ஜெக்கரியா பாய் என்பவருடைய அச்சுக்கூடத்துக்குப் புரூஃப் பார்க்கப் போனார். மற்றவர்கள் எழுதிய மந்திரங்களில் ஒற்றுப்பிழை திருத்தித் திருத்திச் சலித்துப்போய், இதை நானே எழுதமாட்டேனா என்று உட்கார்ந்துவிட்டார். நாலு பழைய புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு ஐந்தாவதை எழுதுவார். பகுத்தறிவு பேசிய கட்சி கோட்டைக்குப் போனதும் இனிமேல் நம் பிழைப்பில் மண்தான் என்று கலங்கிப் போயிருந்தார். நடந்தது வேறு. ஊருக்கு ஊர் படிப்பகம் வந்தது, எழுத்துக்கூட்டிப் படிக்கிறவர்கள் பெருகினார்கள், அவர்களில் பாதிப் பேர் பஸ் ஸ்டாண்டில் நின்று வாங்கியது இவருடைய புத்தகத்தைத்தான்.

அவர் அதையெல்லாம் நம்பினாரா என்று என்னைக் கேட்டவர்கள் உண்டு. பகலில் நம்பமாட்டார், விளக்கு வைத்த பிறகு நம்புவார். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். எங்களுக்குப் பிள்ளை இல்லை. 'சந்தான பாக்கியத் திறவுகோல்' என்று அவர் எழுதியது மூன்று பதிப்பு போனது. அந்தப் புத்தகம் மட்டும் இந்த வாசலைத் தாண்டி உள்ளே வரக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்.

திருத்துறைப்பூண்டிக்குக் கிழக்கே எங்கள் ஊர். நிலம் அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் பொது, இன்னும் பாகம் பிரிக்கவில்லை. நிர்வாகம் முழுக்க அண்ணன்காரர், என் மூத்தார் நடராசன் கையில். என் புருஷனுக்கு வருஷத்துக்கு வேண்டிய நெல் வீட்டுக்கு வந்துவிட்டால் போதும், வயல் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூடக் கேட்கமாட்டார். அந்த நிலத்தில் வாய்க்காலை ஒட்டிய எட்டு மா நிலத்தை வீரையன் குத்தகைக்குச் சாகுபடி செய்துவந்தார். அவருடைய அப்பா காலத்திலிருந்து அப்படித்தான். எழுத்தில் ஒன்றும் கிடையாது, எல்லாம் வாய்ச்சொல்.

வீரையன் என் புருஷனைவிடப் பத்து வயதாவது மூத்தவர். இன்றைக்கு 'அவர்' என்று எழுதுகிறேன். அன்றைக்கு எங்கள் வீட்டில் எல்லாருக்கும் அவர் 'வாடா வீரையா, போடா வீரையா'தான். எனக்கு மட்டும் 'வா வீரையா'. அது பெரிய மரியாதை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

விவசாயத் தொழிலாளர் சங்கத்துக்காரர்கள் நடத்திய இரவுப் பள்ளியில் அவர் படிக்கக் கற்றுக்கொண்டார். அவர்கள் கொடுத்த சங்கப் புத்தகங்களை முடித்துவிட்டு, கடைத்தெருவில் தானாக வாங்கிய முதல் புத்தகம் 'பூமி வசிய போதினி'. ஒருநாள் காலையில் அதை இடுப்புத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு எங்கள் கொல்லைப்பக்கம் வந்து நின்றார்.

"சாமி, இந்தப் பொஸ்தகம் எழுதுனது நீங்கதானுங்களா? படத்துல தாடி இருக்குங்களே?"

"படம் அச்சாபீஸ்ல போட்டது" என்றார் என் புருஷன். "எழுதினது நான்தான்."

வீரையன் அப்படியே நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். இத்தனை வருஷமாக எழுதுகிறார், தன்னைப் படித்த ஒரு ஆளை என் புருஷன் நேரில் பார்த்தது அதுதான் முதல் தடவை. அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. எனக்கே பாவமாக இருந்தது.

அன்றிலிருந்து பாடம் ஆரம்பித்தது. ஆன்மிகத்தில் சாதி ஏது என்று வாய் கிழியப் பேசுகிறவர், பாடத்தை மட்டும் மாட்டுக் கொட்டிலில் வைத்துக்கொண்டார். "ஞானம், காமதேனு இருக்கிற இடம் அது, அதைவிடப் புனிதம் எது?" என்று என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கேட்டார். அப்படியானால் சாப்பாட்டையும் அங்கேயே வைத்துக்கொள்ளுங்கள், எனக்குக் கூடம் கழுவுகிற வேலை மிச்சம் என்றேன். இரண்டு பேருக்கும் காபியைக் கொட்டிலுக்குத்தான் கொண்டு போவேன். வீரையனுக்குத் தனி டம்ளர். அதை எடுத்து வைத்ததும் நான்தான், வேறு யார்.

சந்தேகம் கேட்பதில் வீரையனுக்கு அலுப்பே கிடையாது. ஒரு பக்கத்தில் கிழக்கு என்றும் இன்னொரு பக்கத்தில் வடக்கு என்றும் போட்டிருக்கிறதே என்பார். அச்சுப்பிழை என்று சொல்ல என் புருஷனுக்கு நாக்கு வராது. "அதெல்லாம் குருமுகமா தெரிஞ்சிக்க வேண்டியது. நேரம் வரும்போது சொல்றேன்" என்பார். வீரையன் புத்தகத்தைக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். நான் சாணி அள்ளிக்கொண்டே இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருப்பேன். கூத்து என்றுதான் நினைத்தேன். வீட்டில் எந்நேரமும் மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டிருக்கிற மனுஷன் ஒரு ஆளோடு உட்கார்ந்து பேசுகிறாரே, பேசட்டும் என்று விட்டுவிட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் குத்தகைக்காரர்கள் பெயரைப் பதிவு செய்யவேண்டும் என்று சட்டம் வந்தது. தாலுகா கச்சேரியில் ஊர் ஊராக விசாரணை ஆரம்பித்தார்கள். பதிவேட்டில் பெயர் ஏறிவிட்டால் பிறகு யாரும் லேசில் வெளியேற்ற முடியாது. ஏறாவிட்டால் அன்றோடு சரி. சுற்றுவட்டாரத்தில் அறுப்புக்கு அறுப்பு அடிதடி, வரப்பில் போலீஸ் நின்றால்தான் கதிர் களத்துக்கு வரும் என்கிற நிலைமை. நிலம் வைத்திருந்தவர்கள் எல்லாரும் ஒரே பாட்டுத்தான் பாடினார்கள். எங்கள் மூத்தாரும் அதையே பாடினார்.

"குத்தகையாவது ஒண்ணாவது. வீரையன் நம்ம பண்ணையாள். கூலிக்கு உழைக்கிறான், கூலியை வாங்கிட்டுப் போறான்."

சங்கத்துக் கண்ணுசாமி வீரையனுக்காக மனு எழுதி, அவரிடம் கையெழுத்து வாங்கிக் கச்சேரியில் கொடுத்துவிட்டு வந்தார். "மத்த வேலையெல்லாம் நான் பாத்துக்கறேன். நீ வந்து, இந்த எட்டு மாவும் என் சாகுபடி, களத்துல குத்தகை நெல்லு அளந்து குடுக்கறேன்னு உன் வாயால ஒரு வார்த்தை சொன்னாப் போதும்" என்று அவரிடம் படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறார்.

விசாரணைக்கு நாலைந்து நாள் இருக்கும்போது வீரையனின் மனைவி ராமாயி கொல்லைப்பக்கம் வந்தாள். கண் வீங்கியிருந்தது.

"அம்மா, எங்க வூட்டுக்காரரு வாயத் தொறக்க மாட்டேங்கறாரும்மா."

"ஏன், சண்டையா?"

"சண்டைன்னாத்தான் தேவலையே. அம்மாவாசையிலேர்ந்து பேச்சே இல்ல. சோறு வேணும்னா கையக் காட்டறாரு. ஏன்னு கேட்டா பொஸ்தகத்தைக் காட்டறாரு. கச்சேரில என்ன பண்ணுவேன்னு கேட்டா அந்தச் சைகையும் இல்ல, கண்ண மூடிக்கறாரு. சாமி சொன்னாக் கேப்பாரும்மா. பேசச் சொல்லச் சொல்லுங்க. எங்களுக்கு அந்த நெலத்த வுட்டா வேற போக்கு இல்ல."

அவளை உட்கார வைத்துவிட்டு உள்ளே போய் 'பூமி வசிய போதினி'யை எடுத்துப் பார்த்தேன். கடைசி நாலு பக்கம். 'நிலம் நிலைக்க மௌன விரதம்' என்று தலைப்பு. அமாவாசையில் ஆரம்பித்து ஒரு மண்டலம் பேசக்கூடாது. மற்றக் காரியங்களுக்குச் சைகை செய்யலாம். எந்தக் காரியத்தைக் கோரி விரதம் இருக்கிறோமோ அதைக் குறித்து வாயாலும் சொல்லக்கூடாது, கையாலும் எழுதக்கூடாது, தலையும் அசைக்கக்கூடாது. மீறினால் உள்ள பூமியும் போகும். இப்படிப் போகிறது.

புத்தகத்தோடு போய் என் புருஷன் முன்னால் நின்றேன். படித்ததும் ஆளின் முகம் வெளிறிப்போயிற்று.

"இது எந்த நூல்ல இருக்கு?" என்றேன்.

புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டார்.

"எந்தச் சித்தர் சொன்னதுன்னு கேக்கறேன்."

"யாரும் சொல்லல, ஞானம்."

பிறகு மெல்ல மெல்லச் சொன்னார். அச்சுக்கூடத்தில் பதினாறு பக்கத்தைச் சேர்த்து ஒரே தாளில் அடிப்பார்கள். அதற்கு ஒரு ஃபாரம் என்று பெயர். இந்தப் புத்தகத்தில் கடைசி ஃபாரத்தில் நாலு பக்கம் காலியாக நின்றது. ஜெக்கரியா பாய், "அண்ணே, மிஷின் நிக்குது, ஏதாச்சும் எழுதிக் குடுங்க. கோரோசனை, புனுகுன்னு எழுதி எழுதி வாங்கறவன்லாம் நம்மளைத் திட்டறான். காசு செலவு இல்லாத சங்கதியாப் பாத்துச் சொல்லுங்க" என்றாராம். இவர் பேப்பர் கட்டின் மேல் உட்கார்ந்து, டீ ஆறுவதற்குள் எழுதிக் கொடுத்துவிட்டார். பேசாமல் இருப்பதற்குக் காசு வேண்டாமே என்று தோன்றியதாம்.

"காசு வேண்டாம்தான்" என்றேன். "எட்டு மா நெலம் போதும்."

அவர் தலையைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். போய் உள்ளதைச் சொல்லுங்கள் என்றேன். சொல்கிறேன் என்றார். அன்று போகவில்லை. மறுநாள் தலைவலி. அதற்கடுத்த நாள் ராகுகாலம். அவன் என்னைப் பற்றி என்ன நினைப்பான் என்று கேட்டுக்கொண்டு கூடத்துக்கும் கொல்லைக்கும் நடந்தார். உலகத்தில் அவரைக் குரு என்று சொன்ன ஒரே ஆள். அந்த ஒருத்தனையும் விட்டுவிடுவதா என்று அவருக்கு. எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் பொறுக்கவில்லை. விசாரணைக்கு முந்தின நாள் சாயங்காலம் செருப்பை எடுத்து அவர் காலடியில் போட்டேன். நானும் கூடவே கிளம்பினேன்.

மேட்டூர்த் தண்ணீர் வந்து வாய்க்கால் நிறைய ஓடிக்கொண்டிருந்தது. வீரையன் குறுவைக்கு விட்ட நாற்றங்காலில் குனிந்து களை பறித்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் கையைக் கழுவிக்கொண்டு வரப்பில் ஏறி வந்து கும்பிட்டார். இளைத்திருந்தார், ஆனால் முகத்தில் ஒரு நிம்மதி.

"வீரையா" என்றார் என் புருஷன். "விரதத்தை விட்டுடு. நாளைக்குக் கச்சேரில பேசு."

வீரையன் சிரித்தார்.

"நான் சொல்றேன் இல்ல? அந்த நாலு பக்கமும் நான் சும்மா எழுதினது. பக்கம் காலியா இருந்துச்சு, ரொப்பினேன். சத்தியமா சொல்றேன். எந்தச் சித்தரும் சொல்லல."

வீரையன் சிரித்துக்கொண்டே இடுப்பிலிருந்து புத்தகத்தை எடுத்தார். ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு கடைசிப் பக்கத்தைப் பிரித்து, ஒரு வரியின் மேல் விரலை வைத்து என்னிடம் காட்டினார். நான் அன்றைக்கு அவசரத்தில் அந்த வரியைப் படிக்காமல் விட்டிருந்தேன். 'குருவே எதிரில் வந்து விரதத்தை விடு என்று கூறினும் விடற்க. அது இறுதிச் சோதனை. அதில் வென்றவனுக்கே பூமி.'

என் புருஷனைத் திரும்பிப் பார்த்தேன்.

"அரைப் பக்கம் மிச்சம் இருந்துச்சு" என்றார், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

அவர் பிறகும் என்னென்னவோ சொன்னார். அழாத குறைதான். நான் என் பங்குக்குத் திட்டினேன், கெஞ்சினேன். பேசப் பேச வீரையனின் முகம் பிரகாசமானதே தவிர வாய் திறக்கவில்லை. கடைசியில் சோதனையில் ஜெயித்துவிட்ட ஆளாக என் புருஷன் காலில் விழுந்து எழுந்து, மறுபடி நாற்றங்காலில் இறங்கிவிட்டார்.

திரும்பி வரும்போது என் புருஷனிடம் சொன்னேன்: "அவன் பேசலன்னா நீங்க பேசுங்க. அவன் குத்தகைக்காரன்னு உங்களுக்குத் தெரியும். நெலத்துல பாதி உங்களுது. நீங்க ஒரு வார்த்தை சொன்னா அண்ணன் சொல்றது எடுபடாது." அவர் "ம்" என்றார். அந்த ஒரு எழுத்தை நம்பித்தான் நானும் கச்சேரிக்குப் போனேன். எங்கள் குடும்பத்துப் பெண் கச்சேரிப் படி ஏறுவது அதுதான் முதல் தடவை என்று மூத்தார் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். ஏறட்டுமே என்று ஏறினேன்.

விசாரணை செய்த அதிகாரி சின்ன வயசுக்காரர், மரியாதையாகத்தான் பேசினார்.

"வீரையன் நீங்கதானே? இந்த மனு நீங்க குடுத்ததா?"

வீரையன் கையைக் கட்டிக்கொண்டு நேராக நின்றார். தலைகூட அசையவில்லை.

"பயப்படாமச் சொல்லுங்க. இந்த நிலத்தைக் குத்தகைக்குச் சாகுபடி பண்றீங்களா?"

கண்ணுசாமி எழுந்து விரதம் என்று ஏதோ சொன்னார். கச்சேரியே சிரித்தது. மூத்தாரின் வக்கீல் எழுந்தார். மனு சங்கத்துக்காரர்கள் ஜோடித்தது, மனுதாரருக்கே அதில் என்ன இருக்கிறது என்று தெரியாது, அதனால்தான் விழிக்கிறார் என்றார். ராமாயி, "தெரியும் சாமி, எங்க மாமனார் காலத்துலேர்ந்து நாங்கதான் பயிர் பண்றோம்" என்று கத்தினாள். பிறகு புருஷனின் கையைப் பிடித்து உலுக்கினாள். அவருக்குக் கண்ணிலிருந்து தண்ணீர் ஓடியது. வாய் மட்டும் திறக்கவில்லை. அவர் நிலத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார், என்ன செய்வது.

அதிகாரி பேனாவை வைத்துவிட்டு, வேறு சாட்சி உண்டா என்று கேட்டார். பக்கத்து வயல்காரர்கள் எல்லாரும் மூத்தாரிடம் கைகட்டி நிற்கிறவர்கள், தரையைப் பார்த்தார்கள். நான் என் புருஷனின் முதுகில் விரலால் குத்தினேன். அவர் அசையவில்லை. எனக்கு ஆத்திரம் தலைக்கேறிவிட்டது. நானே எழுந்தேன்.

"நான் சொல்றேங்க. நான் நிலத்துக்காரர் தம்பி சம்சாரம். அந்த எட்டு மாவும் வீரையன் குத்தகைதான். வருஷா வருஷம் களத்துல குத்தகை நெல் அளந்துதான் எங்க வீட்டுக்கு வருது. அதைத்தான் நான் ஆக்கறேன், நாங்க சாப்பிடறோம்."

கச்சேரி அடங்கிவிட்டது. மூத்தார் என் பக்கம் திரும்பவே இல்லை. "பாகம் பிரிச்சுக் குடுக்கலன்னு எங்க மேல கோவம், அதான் இப்படிப் பேசுது. எல்லாம் வீட்டு விவகாரம்" என்று அதிகாரியிடம் சொல்லிவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துண்டால் துடைக்க ஆரம்பித்தார்.

அதிகாரி என் புருஷனைப் பார்த்தார். "நீங்கதானே தம்பி? உங்க சம்சாரம் சொல்றது உண்மையா?"

எழுந்தார். அண்ணனைப் பார்த்தார். அண்ணன் இன்னும் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். வீரையனைப் பார்க்காமல் மேஜையைப் பார்த்துச் சொன்னார்:

"எனக்கு நில விவகாரம் ஒண்ணும் தெரியாதுங்க. நான் எழுத்தாளன்."

அவ்வளவுதான். என்னை நடுச் சபையில் பொய்க்காரி ஆக்கிவிட்டு உட்கார்ந்தார். அதிகாரி எழுத ஆரம்பித்தார். ராமாயி மண்ணை அள்ளித் தூற்றுவாள் என்று நினைத்தேன், அவளுக்கு அதற்கும் தெம்பில்லை. வீரையன் மட்டும் என் புருஷனைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். இதுவும் சோதனையில் சேர்த்தி என்று நினைத்தாரோ என்னவோ. அந்தக் கும்பிடு எனக்கு இன்னும் நெஞ்சில் நிற்கிறது.

மனு தள்ளுபடியாயிற்று. அடுத்த வாரம் மூத்தார் டிராக்டரைக் கொண்டுவந்து அந்த நாற்றங்காலின் மேலேயே ஓட்டினார். பச்சைப் பசேல் என்று நின்ற நாற்று. வீரையன் குடும்பத்தோடு வாய்க்கால் மதகில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாராம். சங்கத்து ஆட்கள் கொடி பிடித்துக்கொண்டு வந்தார்கள், போலீஸ் வேன் வந்தது, நாலு பேரை ஏற்றிக்கொண்டு போனார்கள். நிலம் நிலத்துக்காரரிடம் போயிற்று. அதில் பாதி எங்களுடையது.

என் புருஷன் அரிசிச் சோற்றை விட்டுவிட்டார். அந்த நெல் தொண்டையில் இறங்கவில்லை என்றார். ரேஷன் கோதுமையை உடைத்துக் கஞ்சி வைத்துக் கொடுத்தேன். தாடி வளர்த்தார். அட்டைப்படத்தில் இருந்த தாடி உண்மையாகவே வந்துவிட்டது. பாவம் செய்துவிட்டேன், பாவம் செய்துவிட்டேன் என்று சுவரோடு பேசுவார். முதலில் எனக்கு இரக்கமாகத்தான் இருந்தது. போகப் போக எரிச்சல் வந்தது. குற்றத்தையும் ஒரு விரதமாக எடுத்துக்கொண்டு இந்த மனுஷன் நோற்கிறாரே என்று.

"பாவம்னு சொவத்துக்கிட்டச் சொல்லத் தெரியுது" என்றேன் ஒருநாள். "கண்ணுசாமி வந்து சொல்லிட்டுப் போனாரு. மேல்முறையீடு பண்ணலாமாம், இன்னும் நாள் இருக்காம். வீரையன் குத்தகைக்காரன்தான்னு நீங்க எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்தா அதுவே போதுமாம். போடுங்க. அன்னிக்கே நான் அரிசிச் சோறு ஆக்கறேன்."

"போடறேன், ஞானம். அண்ணன் மனசு ஆறட்டும்" என்றார்.

நான் மட்டும் அந்த நெல்லைத்தான் சாப்பிட்டேன். எனக்குத் தொண்டையில் இறங்கியது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

மண்டலம் முடிந்த மறுநாள் காலையில் வீரையன் வந்தார். குளித்து, விபூதி பூசி, வெளுத்த வேட்டி கட்டியிருந்தார். வழக்கம்போலக் கொட்டிலுக்குப் போகப் பார்த்தார். நான்தான் வற்புறுத்தி, உள்ளே வா வீரையா என்று கூடத்துக்குக் கூப்பிட்டேன். கூச்சத்தோடு நிலைப்படிக்கு அந்தப் பக்கமே நின்றுகொண்டார். என் புருஷன் எழுந்து நின்றார். திட்டுவார் என்று எதிர்பார்த்தார் போலிருக்கிறது. நானும் அதைத்தான் எதிர்பார்த்தேன், திட்டட்டும் என்றும் நினைத்தேன்.

இத்தனை நாள் பேசாத குரல் கரகரவென்று வந்தது.

"சாமி, நான் எங்க தப்புப் பண்ணுனேன், சொல்லுங்க."

என் புருஷன் சுவர்ப் பக்கம் திரும்பினார், வீரையனே மேலே சொன்னார்.

"சுத்தமாத்தான் இருந்தேங்க. கச்சேரிலயும் தாக்குப் பிடிச்சேன். நீங்க ரெண்டு தடவ சோதிச்சீங்க, ரெண்டுலயும் தேறிட்டேன். அப்புறமும் நெலம் போயிடுச்சு. ராமாயிகிட்ட கேட்டேன். நாலாம் நாளோ அஞ்சாம் நாளோ தூக்கத்துல மடை, மடைன்னு உளறுனேனாம். அதுதானுங்களா? தூக்கத்துல பேசுனாலும் கணக்குத்தானுங்களா?"

இப்போது சொல்லுங்கள் என்று நான் மனசுக்குள் கெஞ்சினேன். ஒரே ஒரு வார்த்தை. அந்த ஆளே கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறார்.

என் புருஷனின் முகத்தில் நெடுநாளாகக் காணாத ஒரு தெளிவு வந்தது. மூச்சை இழுத்து விட்டார்.

"ஆமா வீரையா" என்றார். "அதுதான் பிசகு."

வீரையன் தலையில் அடித்துக்கொண்டார். "மன்னிச்சிடுங்க சாமி. உங்க பேரைக் கெடுத்துட்டேன்" என்று நிலைப்படியில் நெற்றியை வைத்து அழுதார். என் புருஷன் அவருக்கு விபூதி கொடுத்தார். கொடுத்துவிட்டு உள்ளே போனவர், ஞானம், கொஞ்சம் சோறு போடு என்று அங்கிருந்தே குரல் கொடுத்தார். நான் அதற்கு நிற்கவில்லை. வீரையன் பின்னாலேயே ஓடினேன்.

வாய்க்கால் மதகில் அவரை மடக்கினேன். மூச்சு வாங்கியது.

"வீரையா, நில்லு. நீங்க நில்லுங்க. ஒரு தப்பும் நீங்க பண்ணல. அந்த விரதம் பொய். பக்கம் ரொப்பறதுக்கு எழுதினது. அன்னிக்கு வரப்புல அவரு சொன்னது சோதனை இல்ல, சத்தியம். கச்சேரில சொன்னதுதான் பொய். அவரு கோழை, அண்ணனுக்குப் பயந்துட்டாரு. உங்க நெலம் அதனாலதான் போச்சு. கண்ணுசாமியோட போங்க, மேல்முறையீடு போடுங்க. நான் வந்து எந்தக் கோர்ட்டுல வேணும்னாலும் சொல்றேன்."

வீரையன் வெகுநேரம் பேசாமல் நின்றார். மறுபடி விரதம் பிடித்துக்கொண்டாரோ என்று பயந்துவிட்டேன். எதிரே அந்த எட்டு மாவில் யாரோ வெளியூர் ஆட்கள் நடவு நட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அப்படின்னா என் நெலம் சும்மாவாங்கம்மா போச்சு?" என்றார்.

அந்த நடவைப் பார்த்துக்கொண்டே மேலும் சொன்னார்.

"அப்படிச் சொல்லாதீங்கம்மா. என் தப்பாவே இருக்கட்டும். என் தப்புன்னா அடுத்த தடவ நான் சரியாப் பண்ணிடுவேன். சாமியே பொய்யின்னா நான் என்னம்மா பண்ணுவேன்?"

மதகுக் கட்டையிலிருந்து துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டுக்கொண்டார். நாலு அடி போனவர் நின்று திரும்பினார்.

"வர்ற அம்மாவாசைக்கே மறுபடி ஆரம்பிச்சிடலாமான்னு சாமிகிட்ட ஒரு வார்த்தை கேட்டு வையுங்கம்மா" என்றார்.